சம்பளத்தோடு லீவு: தனியார் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது சம்பளம். லீவு பற்றிய இரண்டு வரி கடைசிப் பக்கத்தில் கிடக்கும். 'நிறுவன விதிகளின்படி' என்று முடித்திருப்பார்கள். அந்த விதிகள் என்ன என்று பெரும்பாலானவர்கள் கேட்பது வேலையை விடும் நாளில்தான். அதற்குள் பாதி லீவு காலாவதி ஆகியிருக்கும்.

முந்தைய வேலையை விட்டபோது, சேர்ந்திருந்த லீவுக்கான காசை வாங்க நான் மெயில் மேல் மெயில் அனுப்பி அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக இங்கே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் தனியார் அலுவலகம், கடை, தொழிற்சாலை இவற்றில் வேலை பார்ப்பவர்களுக்கானது இது. அரசு ஊழியர்களுக்கு விதிகள் முற்றிலும் வேறு.

1. முதல் வாரமே மூன்று காகிதங்களை வாங்கி வையுங்கள்

நியமனக் கடிதம், லீவு பாலிசி, அந்த ஆண்டின் விடுமுறைப் பட்டியல். மூன்றையும் உங்கள் சொந்த மெயிலிலோ போனிலோ சேமித்து வையுங்கள். அலுவலக லேப்டாப்பில் மட்டும் இருந்தால், தேவைப்படும் நாளில் அந்த லேப்டாப் உங்களிடம் இருக்காது.

பாலிசியைத் திறந்ததும் இவற்றைத் தேடுங்கள்:

- லீவு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறதா, ஏப்ரலிலா?
- எந்த லீவு அடுத்த ஆண்டுக்குப் போகும், அதிகபட்சம் எத்தனை நாள்?
- எதைக் காசாக மாற்றலாம்? அடிப்படைச் சம்பளத்திலா (படிகள் சேராதது), மொத்தச் சம்பளத்திலா?
- புரொபேஷன் காலத்தில், அதாவது வேலை உறுதியாகும் முன்பு, என்ன கிடைக்கும்?
- நோட்டீஸ் பீரியடில், அதாவது ராஜினாமா கொடுத்தபின் வேலை பார்க்கவேண்டிய நாட்களில், லீவு எடுத்தால் என்ன ஆகும்?

பாலிசியில் பதில் இல்லாத கேள்வியை ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள். நேரில் கேட்டால் 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்பார்கள். அதை எங்கேயும் காட்ட முடியாது.

2. சட்டம் தரும் குறைந்தபட்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடை, வணிக நிறுவனம், அலுவலகம் இவற்றுக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன்படி சேர்ந்த முதல் ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு 12 நாள் வரை நோய் விடுப்பு, 12 நாள் வரை தற்செயல் விடுப்பு, இரண்டும் சம்பளத்தோடு. தொடர்ந்து 12 மாதம் முடித்துவிட்டால் அடுத்த 12 மாதத்தில் இன்னொரு 12 நாள். இதை 24 நாள் வரை சேர்த்து வைக்கலாம். 'புரொபேஷன் முடியும்வரை லீவே கிடையாது' என்று யாராவது சொன்னால் இந்த முதல் ஆண்டுக் கணக்கை நினைவில் வையுங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு. முன்பு ஆண்டுக்கு 240 நாள் வேலை பார்த்திருந்தால்தான் இது கிடைக்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகக் குறைந்திருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு 30 நாள் வரை கொண்டுபோகலாம்.

பண்டிகை விடுமுறைகள் இதில் சேராது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், கூடுதலாக ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு தரவேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். அந்த நாட்களில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பள விடுமுறையும். ஐந்தில் உங்களுக்கு முக்கியமான பண்டிகை விட்டுப்போயிருந்தால், அடுத்த ஆண்டுப் பட்டியல் தயாராகும் முன்பே சொல்லுங்கள். பட்டியல் ஒட்டியபின் யாரும் மாற்றமாட்டார்கள். தேர்தலில் ஓட்டுப்போடும் நாளும் சம்பள விடுமுறைதான். பல கடைகளில் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பாலிசியில் இதைவிட அதிகம் இருந்தால் நல்லது. குறைவாக இருந்தால் சட்டம்தான் செல்லும்.

3. எதை முதலில் செலவழிப்பது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான இடங்களில் சி.எல். (தற்செயல் விடுப்பு) ஆண்டு முடிவில் காலாவதி ஆகிவிடும். எஸ்.எல். (நோய் விடுப்பு) சில இடங்களில் சேரும், ஆனால் காசாக மாறுவது அபூர்வம். பி.எல். அல்லது ஈ.எல். (வேலை பார்த்துச் சேர்க்கும் ஆண்டு லீவு) என்பது சேரும், காசாகவும் மாறும். ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை பார்த்ததற்குத் தரும் காம்ப் ஆஃபுக்குத்தான் ஆயுள் மிகக் குறைவு. பல பாலிசிகளில் ஒன்றிரண்டு மாதம்தான். ஆகவே முதலில் காம்ப் ஆஃப், பிறகு சி.எல்., கடைசியில் பி.எல். எஸ்.எல்லை உடம்புக்கென்றே விட்டுவையுங்கள்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். கோட்டை விடும் இடம் அடுத்தது. 'பி.எல். காசாகுமே, அதைத் தொடவேண்டாம்' என்று பத்திரப்படுத்திவிட்டு, சி.எல். தீர்ந்தபின் வரும் அவசரத்துக்கு லாஸ் ஆஃப் பே (சம்பளம் இல்லாத லீவு) எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தச் சம்பளம் 40,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் லாஸ் ஆஃப் பே போட்டால் மொத்தச் சம்பளத்திலிருந்து வெட்டுவார்கள்: 40,000ஐ 30ஆல் வகுத்தால் 1,333 ரூபாய். அதே ஒரு நாள் பி.எல்லைக் காசாக்கினால் பல நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தில்தான் தரும்: 20,000ஐ 30ஆல் வகுத்தால் 667 ரூபாய். மாதத்துக்கு 26 வேலைநாள் என்று 26ஆல் வகுக்கும் நல்ல நிறுவனமாக இருந்தாலும் 769தான். 667 ரூபாயைக் காப்பாற்ற 1,333 ரூபாயை விடுகிறோம். வேலையில் இருக்கும்போதே வாங்கும் லீவுக் காசுக்கு வருமான வரியும் உண்டு. போதாததற்கு, லாஸ் ஆஃப் பே ஆன மாதம் பி.எஃப். தொகையும் குறையலாம்.

ஆகவே கணக்கில் பி.எல். இருக்கும்வரை லாஸ் ஆஃப் பே எடுக்காதீர்கள். லீவுக்கு விண்ணப்பிக்கும் சில ஆன்லைன் போர்ட்டல்களில் சி.எல். தீர்ந்ததும் விண்ணப்பம் தானாக லாஸ் ஆஃப் பே என்று மாறிவிடும். சமர்ப்பிக்கும் முன் லீவு வகை என்ற கட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று, உச்சவரம்பு. 30 நாள்தான் சேர்க்கலாம் என்ற விதியில் 30ஐத் தொட்டுவிட்டீர்கள் என்றால், அதன்பின் மாதாமாதம் சேரவேண்டியது நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். 25ஐத் தாண்டியதும் ஒரு நீண்ட லீவுக்குத் திட்டம் போடுங்கள்.

4. காலண்டரோடு உட்காருங்கள்

விடுமுறைப் பட்டியல் வந்த அன்றே வேலை இது, அரைமணி நேரம் போதும். 2027ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி 26 செவ்வாய். திங்கட்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என நான்கு நாள். ஏப்ரல் 14 புதன். திங்கள், செவ்வாய் இரண்டு நாள் போட்டால் ஐந்து நாள். ஆனால் மே 1 சனி, ஆகஸ்ட் 15 ஞாயிறு, அக்டோபர் 2 சனி, டிசம்பர் 25 சனி. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த நான்கும் வாரவிடுமுறையில் கரைந்துவிடும். அந்த ஆண்டில் பின்பாதிக்காகக் கையில் இரண்டு மூன்று பி.எல். கூடுதலாக வைத்திருப்பது நல்லது. சனிக்கிழமையும் வேலை உள்ளவர்களுக்கு அதில் சனிக்கிழமை வரும் மூன்றும் இரண்டு நாள் ஓய்வாகக் கிடைக்கும்.

கவனிக்கவேண்டிய பொறி, சாண்ட்விச் விதி. வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு போட்டால் நடுவில் உள்ள சனி, ஞாயிறையும் சேர்த்து நான்கு நாளாகக் கழிக்கும் நிறுவனங்கள் நிறைய. விடுமுறை நடுவிலும் உங்கள் லீவு இரு பக்கமும் இருந்தால்தான் இந்தச் சிக்கல். உங்கள் லீவு நடுவில், விடுமுறை இரு பக்கம் என்றால் பொதுவாகத் தப்பித்துவிடலாம், மேலே சொன்ன ஜனவரிக் கணக்குப் போல. வெள்ளி, திங்களுக்குப் பதில் வியாழன், வெள்ளி என்று எடுத்தாலே இரண்டு நாள் மிச்சம். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான ஆண்டு லீவில் இடையில் வரும் விடுமுறைகளைக் கழிக்கக்கூடாது. இது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது.

5. கேட்பது எப்போது, எப்படி

ரயிலில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு ரயில்வேயே பதில் சொல்லிவிடுகிறது. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. பொங்கல், தீபாவளி டிக்கெட் அன்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். எனவே 70 நாளுக்கு முன்பே லீவு கேட்டு ஒப்புதலை வாங்கிவிடுங்கள். 'டிக்கெட் போட்டுட்டேன் சார், அதனால லீவு வேணும்' என்று பின்னால் போய் நிற்பதை எந்த மேனேஜரும் ரசிப்பதில்லை. தட்கலை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது முந்தைய நாள் காலை ஏ.சி. வகுப்புக்கு 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். கிடைக்காவிட்டால் லீவு கையில் இருக்கும், பயணம் இருக்காது.

கேட்கும்போது காரணத்தை நீட்டவேண்டாம். மேனேஜருக்கு வேண்டியது நீங்கள் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள் என்பதுதான். நான் அனுப்பும் மெயில் இவ்வளவுதான்:

"சார், ஜனவரி 25 திங்கட்கிழமை ஒரு நாள் பி.எல். வேண்டும். அந்த வார ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுகிறேன். திங்களன்று அவசரம் என்றால் பக்கத்து டீமில் சொல்லி வைத்திருக்கிறேன், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போர்ட்டலிலும் போட்டிருக்கிறேன்."

கடைசி வரி முக்கியம். 'போயிட்டு வாப்பா' என்று வாயால் சொன்ன மேனேஜர், போர்ட்டலில் ஒப்புதல் பொத்தானை அழுத்த மறந்துவிடுவார். பல நிறுவனங்களில் மாதம் 20, 25 தேதிவாக்கில் சம்பளக் கணக்கை மூடிவிடுவார்கள். அன்று நிலுவையில் இருக்கும் லீவு லாஸ் ஆஃப் பே ஆகிவிடும். அடுத்த மாதம் சரிசெய்து தருவார்கள் என்றாலும், அதற்கு நாலு பேரிடம் போய் நிற்கவேண்டும். லீவுக்குக் கிளம்பும் முன் 'ஒப்புதல் ஆனது' என்று திரையில் வருகிறதா பாருங்கள். வந்தால் ஒரு ஸ்கிரீன்ஷாட்.

மறுத்தால்? சண்டை வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். 'இந்த வாரம் முடியாது' என்ற ஒருவரி மெயில் போதும். கேட்டு மறுக்கப்பட்ட லீவுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. கடைகள் சட்டத்தின்படி, 12 மாதம் முடித்தபின் வரும் லீவை நீங்கள் விண்ணப்பித்து, அது மறுக்கப்பட்டு, பிறகு வேலையை விட்டால் அந்த நாட்களுக்கான பணத்தைத் தரவேண்டும். தொழிற்சாலைகளில் மறுக்கப்பட்ட லீவுக்கு 30 நாள் உச்சவரம்பு கிடையாது. கேட்கவே இல்லை என்றால் இந்த இரண்டும் உங்களுக்கு உதவாது.

டிசம்பரில் எல்லோரும் மிச்ச சி.எல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டீமில் பாதிப் பேரை அனுப்ப முடியாது. சி.எல்லை அக்டோபருக்குள் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். நிதியாண்டைக் கணக்கில் வைக்கும் நிறுவனத்தில் ஜனவரிக்குள்.

6. உடம்பு சரியில்லை என்றால்

அன்று காலையே ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் போனால் பல இடங்களில் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். டாக்டரிடம் போகும்போதே வாங்கிவிடுங்கள். குணமாகித் திரும்பியபின் பின்தேதி போட்டு வாங்குவது சிரமம், சரியுமல்ல. சான்றிதழில் ஓய்வு தேவைப்படும் தேதிகள், டாக்டரின் பதிவு எண், முத்திரை மூன்றும் இருக்கிறதா பாருங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் செய்தால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு வழி உண்டு. பங்களிப்பு நாட்கள் போதுமான அளவு இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவித்தொகை கிடைக்கும். இதற்கு இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். தெருமுனை கிளினிக் சீட்டைக் கொண்டுபோனால் அலையவிடுவார்கள். புதிதாக வரும் நோய்க்கு முதல் இரண்டு நாளுக்குத் தொகை வராது. ஒரே நாளுக்கு நிறுவனத்திடம் லீவுச் சம்பளமும் இ.எஸ்.ஐ.யிடம் தொகையும் வாங்க முடியாது. எனவே சின்னக் காய்ச்சலுக்கு எஸ்.எல்., நீண்ட ஓய்வு என்றால் இ.எஸ்.ஐ. என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மகப்பேறு விடுப்பு தனிக் கணக்கு. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 'முதலில் உங்கள் பி.எல்லைக் கழித்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

7. எல்.டி.ஏ. இருந்தால்

சம்பளச் சீட்டில் எல்.டி.ஏ. (விடுமுறைப் பயணப்படி) என்று ஒரு வரி இருக்கிறதா? பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அதில் வரிச்சலுகை. நான்கு ஆண்டுத் தொகுதிக்கு இரண்டு பயணம். இப்போதைய தொகுதி 2026 முதல் 2029 வரை. இந்தியாவுக்குள், போக்குவரத்துச் செலவு மட்டும். ஹோட்டலும் சாப்பாடும் கணக்கில் வராது. பயண நாட்களில் நீங்கள் லீவில் இருந்ததற்கான பதிவு வேண்டும். ஆகவே வாரக் கடைசியில் மட்டும் போய்வந்த பயணத்தைக் காட்டினால் கணக்குப் பிரிவில் கேள்வி வரும். டிக்கெட்டையும் போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

8. வேலையை விடும்போது

நான் அதிகம் அவதிப்பட்டது இங்கேதான். அந்த நிறுவனத்தில் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு ஐ.டி. கார்டை வாங்கினார்கள். ஆறு மணிக்குப் போர்ட்டல் லாகின் மூடிவிட்டது. பிறகு வந்த செட்டில்மென்ட் (கடைசிக் கணக்கு) தாளில் லீவு இருப்பு என்ற இடத்தில் நான் பார்த்து வைத்திருந்ததைவிட மிகக் குறைந்த எண். கேட்டால் 'சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது'. நல்லவேளையாக மாதாமாதம் எடுத்த ஸ்கிரீன்ஷாட் போனில் இருந்தது. அதை அனுப்பியபின்தான் பேச்சு மாறியது. அப்படியும் மாதங்கள் ஓடின.

ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன் செய்யவேண்டியவை:

- லீவு இருப்புப் பக்கத்தை, தேதி தெரியும்படி, முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடுத்த லீவுகளின் பட்டியலையும் சேர்த்து.
- எல்லா மாதச் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16ஐயும் (வரிப் பிடித்தச் சான்று) தரவிறக்குங்கள்.
- நிலுவையில் உள்ள காம்ப் ஆஃபை எடுத்து முடியுங்கள். செட்டில்மென்டில் அதற்குக் காசு தருவது அரிது.
- நோட்டீஸ் பீரியட் விதியைத் திரும்பப் படியுங்கள். அந்தக் காலத்தில் லீவு எடுத்தால், எடுத்த நாட்களுக்குக் கடைசி நாளைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள் பல. புது வேலையில் சேரும் தேதியைச் சொல்லிவிட்டவர்களுக்கு இது பெரிய தலைவலி. கல்யாணம், பயணம் என்று ஏதாவது இருந்தால் அதை முடித்துவிட்டுக் கடிதம் கொடுப்பது நல்லது.

சேர்ந்திருக்கும் பி.எல்லை நோட்டீஸ் நாட்களில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அது நிறுவனத்தின் விருப்பம். ஒத்துக்கொண்டால் உங்களுக்கு லாபம்தான், ஏனென்றால் அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் வரும். காசாக வாங்கினால் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம் மட்டும்.

வரியைப் பொறுத்தவரை, வேலையை விடும்போது வாங்கும் லீவுக் காசுக்கு விலக்கு உண்டு. தனியார் ஊழியர்களுக்கு வாழ்நாள் வரம்பு 25 லட்சம் ரூபாய். 2023 ஏப்ரலுக்கு முன் இது 3 லட்சமாக இருந்தது. பத்து மாதச் சராசரிச் சம்பளம், ஆண்டுக்கு 30 நாள் என்ற கணக்கு என்று வேறு வரம்புகளும் இருக்கின்றன. சில ஆண்டு வேலை பார்த்தவர்களுக்கு அவை பெரும்பாலும் தடையாக இருக்காது. ஆனாலும் சில நிறுவனங்கள் யோசிக்காமல் வரி பிடித்துவிடும். அப்படியானால் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது விலக்கைக் காட்டித் திரும்ப வாங்கலாம். அதற்கும் செட்டில்மென்ட் தாள் வேண்டும். லீவுக் காசு அதில் தனி வரியாக இருக்கிறதா பாருங்கள். 'இதர வருமானம்' என்று ஒன்றாகச் சேர்த்திருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

எப்போது வரும்? புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்ட இரண்டு வேலைநாளுக்குள் பாக்கி ஊதியத்தைக் கொடுக்கவேண்டும். நடைமுறையில் 30 முதல் 45 நாள் என்று பல நிறுவனங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கடைசி நாளன்றே தொகையையும் தேதியையும் கேட்டு ஒரு மெயில், உங்கள் சொந்த முகவரிக்கும் நகல் போகும்படி அனுப்பிவிடுங்கள். சொன்ன தேதி தாண்டினால் நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்றால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். மனுவோடு நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, லீவு இருப்பு ஸ்கிரீன்ஷாட், ராஜினாமாவை ஏற்ற மெயில், நினைவூட்டல் மெயில்கள் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அசல் எதையும் கொடுத்துவிடாதீர்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொண்டே அங்கிருந்து கிளம்புங்கள்.